சாட்சி நின்ற கூடம்

ஊர் நடுவில் இருந்த அந்தக் கட்டடத்தின் வாசலில் பெயர்ப்பலகைகள் எத்தனையோ மாறிவிட்டன. ஆனால் ஜனங்கள் வாயில் அது என்றைக்கும் கிடங்குதான்.

முந்நூறு வருஷத்துக்கு முன்னால் தானியம் சேர்த்து வைக்கக் கட்டியது. மூன்றடி கனத்தில் சுவர். ஆள் எட்டாத உயரத்தில், ஒரு கை நுழையும் அளவுக்குக் காற்றுத் துளைகள். உள்ளே தண்ணீர் வந்தாலும் தேங்காமல் ஓடிவிட மேற்குப் பக்கமாகச் சாய்த்துப் போட்ட கல் தரை. பிறகு ஏதோ ஒரு சண்டைக் காலத்தில் மூட்டைகளை வெளியே தள்ளிவிட்டுக் குதிரைகளைக் கட்டினார்கள். சண்டையும் குதிரைகளும் போன பிறகு கொஞ்ச காலம் வௌவால்களுக்கு விட்டு வைத்தார்கள். விஷக்காய்ச்சல் வந்த வருஷம் வௌவால்களை விரட்டிவிட்டு நோயாளிகளைக் கிடத்தினார்கள். காய்ச்சலும் ஓய்ந்தது. வெள்ளையடித்து, மேடை கட்டி, கூண்டு வைத்து, கோர்ட் ஆக்கினார்கள். அந்த வேஷம்தான் அதிக நாள் நிலைத்தது, தொண்ணூறு வருஷம். "அவன் கிடங்கு ஏறினவன்" என்றால் வழக்காடி நொந்தவன் என்று அர்த்தம். "உன்னைக் கிடங்குல பார்த்துக்கறேன்" என்றால் மிரட்டல். உள்ளே தானியத்தைக் கண்ணால் பார்த்த ஒருவரும் உயிரோடு இல்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

கடைசியில் ஒரு வருஷம் கோர்ட் ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்குக் குடிபோனது. அதே வருஷம் மழையில் ஆறு பெருகி, கரையோரத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தைச் சுவரும் கூரையுமாக இழுத்துக்கொண்டு போனது. விடிகாலை என்பதால் உயிர்ச்சேதம் இல்லை. இருநூறு பிள்ளைகள் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, ஒழுகும் இடத்தை விட்டு ஒழுகாத இடத்துக்கு நகர்ந்து நகர்ந்து படித்தார்கள். கிடங்கைப் பள்ளிக்கூடமாக்குவது என்று நகராட்சி தீர்மானம் போட்டது. இரண்டு மாதம் கெடு. பொறுப்பு ஓவர்சியரம்மா தலையில் விழுந்தது.

ஓவர்சியரம்மாவுக்கு நாற்பத்து மூன்று வயது. நகராட்சியில் இருபது வருஷ சர்வீஸ். பாலம், சாக்கடை, தண்ணீர்த் தொட்டி என்று அவள் கைபடாத வேலை ஊரில் இல்லை, கிடங்கைத் தவிர. அங்கே ஓடு மாற்றுவது, கதவு சரி செய்வது என்று எது வந்தாலும் ஏதாவது சாக்குச் சொல்லி வேறு ஆளிடம் தள்ளிவிடுவாள். இந்த முறை எந்தச் சாக்கும் செல்லவில்லை.

காரணம் ஆபீசில் யாருக்கும் தெரியாது. பதினேழு வயதில் அவள் அந்தக் கூடத்தில் சாட்சிக் கூண்டில் ஏறி நின்றவள்.

சண்டை ஒன்றும் பெரிய விஷயத்துக்கு வரவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சாக்கடை. பக்கத்து வீட்டு டெய்லர் தன் பக்கம் தண்ணீர் தேங்குகிறது என்று கல்லை நகர்த்தி வைப்பார். அவளுடைய அப்பா திரும்ப நகர்த்தி வைப்பார். ஒருநாள் வாய் தடித்து, டெய்லர் அப்பாவைப் பிடித்துத் தள்ளிவிட்டார். அவளுடைய அண்ணன் அப்போது இருபத்து நாலு வயதுத் தச்சன், கோபக்காரன். கையில் கிடைத்த மரச்சட்டத்தை எடுத்துக்கொண்டு ஓடினான். டெய்லர் செத்துப் போனார்.

"வழுக்கி விழுந்தார், சாக்கடைக் கல்லுல மண்டை பட்டுடுச்சு" என்றார் அப்பா. அம்மாவும் அதையே சொன்னாள். தெருவும் அதையே சொன்னது. கூண்டில் ஏறிய பெண் மட்டும் வேறு சொன்னாள். "அண்ணன் அடிச்சாங்க. ரெண்டு தடவை. ரெண்டாவது தடவை அடிக்கும்போது அவர் கீழ விழுந்து கிடந்தார்."

அந்த இரண்டாவது அடிதான் அண்ணனைப் பதினோரு வருஷம் உள்ளே வைத்தது. தீர்ப்பு வந்த அன்று வீட்டில் உலை வைக்கவில்லை. அம்மா அதற்குப் பிறகு அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்து வருஷம் கழித்து அம்மா படுத்த படுக்கையானபோது வாயில் கஞ்சி ஊற்றியது அவள்தான். அம்மா அதை விழுங்கிவிட்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வாள். அப்படியே போய்ச் சேர்ந்தாள். அண்ணன் விடுதலையாகி வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. ஊரின் மறு கோடியில் சின்னதாகப் பட்டறை வைத்திருப்பதாகக் கேள்வி. அவள் போய்ப் பார்க்கவில்லை. அவனும் தேடி வரவில்லை.

வேலை தொடங்கிய மூன்றாம் நாள் கான்ட்ராக்டர் ஒரு தச்சரைக் கூட்டி வந்தார். "ஆள் வாயே திறக்க மாட்டார் மேடம். ஊமைத் தச்சர்னுதான் கூப்பிடறது. ஆனா கை பேசும்."

தலை முழுக்க நரைத்திருந்தது. முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது. ஆனாலும் அந்த நடையை அவளுக்குத் தெரியாதா? கையில் இருந்த வரைபடத்தைச் சுருட்டினாள், விரித்தாள், மறுபடி சுருட்டினாள். அவன் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். மேடை, வக்கீல் மேஜைகள், இரண்டு கூண்டுகள். எல்லாவற்றையும் பிரித்து, அந்தத் தேக்கிலேயே பிள்ளைகளுக்குப் பெஞ்சும் டெஸ்க்கும் செய்ய வேண்டும். சுற்றி முடித்து அவள் முன்னால் வந்து நின்றான்.

"மேடம், தரை சாயுது."

"எங்க?"

"மேற்கால. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நாலு விரக்கடை இருக்கும். சமமா கால் வச்சு பெஞ்ச் செஞ்சா பிள்ளைங்க சறுக்கும்."

தண்ணீர்க் குழாய் மட்டம் பிடித்துப் பார்த்தாள். அவன் சொன்னது ஒரு நூல் பிசகவில்லை. அப்போதுதான் கவனித்தாள். வக்கீல் மேஜைகளின் மேற்குக் கால்கள் எல்லாவற்றின் அடியிலும் மரச்சில்லு சொருகி இருந்தது. தொண்ணூறு வருஷம் சில்லு சொருகியே காலம் ஓட்டியிருக்கிறார்கள்.

"மட்டம் பிடிக்காமலே எப்படித் தெரிஞ்சுது?" என்று கான்ட்ராக்டர் கேட்டார்.

அவன் குற்றவாளிக் கூண்டைப் பார்த்தான். "பதினோரு நாள் நின்னேன். ஒரு கால் மட்டும் வலிக்கும்" என்றான்.

கான்ட்ராக்டருக்கு அது புரிந்ததோ இல்லையோ, மேற்கொண்டு கேட்கவில்லை. ஓவர்சியரம்மா தண்ணீர் குடிக்கப் போகிறவள் போல வெளியே போய், வராந்தாவில் ரொம்ப நேரம் நின்றாள். வேறு தச்சரை அனுப்பச் சொல்லலாம். சொன்னால் காரணம் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அன்றிலிருந்து அவன் "மேடம்" என்றான். அவள் எதுவும் சொல்லி அழைக்காமல் பேசப் பழகிக்கொண்டாள். பேச்சு அளவு, ஆணி, பலகை இவற்றைத் தாண்டவில்லை. குற்றவாளிக் கூண்டை அவன் ஒரே காலையில் பிரித்துப் போட்டான். மற்றவர்கள் சுத்தியலால் அடித்து உடைத்திருப்பார்கள். அவன் ஒவ்வொரு இணைப்பாகத் தட்டிக் கழற்றி, கைப்பிடி, சட்டம், பலகை என்று தனித்தனியே அடுக்கினான். மத்தியானம் சாட்சிக் கூண்டையும் அதே போலப் பிரித்தான். அவள் அந்த நேரம் பார்த்துக் கொல்லைப்புறத்தில் கழிவறை வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது கல் தரையில் வெளிறிய இரண்டு சதுரங்கள் மட்டும் இருந்தன.

நீதிபதி மேடையைப் பிரித்த அன்றுதான் வினை பிறந்தது. மேடைக்குப் பின்னால் பலகை அடித்து மறைத்திருந்த சுவரில் வெள்ளை படவில்லை. கறுப்புத் தாரில் ஒன்று, இரண்டு, மூன்று என்று முப்பத்தெட்டு வரை எண்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே ஆணியால் கீறிய சின்னச் சின்னக் கோடுகள். நடுநடுவே வட்டங்கள்.

வேலையாட்கள் கூடிவிட்டார்கள். "காய்ச்சல்காரங்க படுக்கை நம்பர்" என்றான் ஒருவன். "ஒரு கோடு ஒரு பொணம்" என்றான் இன்னொருவன். ஒருவன் அப்போதே கலவைத் தட்டு, பூச்சுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

ஓவர்சியரம்மா மறுநாள் நகராட்சிப் பழைய பீரோவில் தேடி, காய்ச்சல் வருஷத்து அறிக்கையை எடுத்து வந்தாள். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. கிடங்கில் வைத்துப் பார்த்தவர்கள் நானூற்று நாலு பேர். இறந்தவர்கள் நூற்று அறுபத்து மூன்று. அவள் சுவர் முன்னால் நின்று கோடுகளை எண்ணத் தொடங்கினாள். இருபதாவது படுக்கைக்கு மேல் கண் தடுமாறியது. பின்னாலிருந்து அவன் வந்து, காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்தான்.

"நீங்க கோடு எண்ணுங்க. நான் வட்டத்தை எண்றேன்."

இருவரும் அந்தச் சுவர் முன் தோளோடு தோளாக நின்று முணுமுணுத்து எண்ணினார்கள். சின்ன வயதில் வீட்டுச் சுவர் முன் இப்படித்தான் நின்று வாய்ப்பாடு சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு ஒருமுறை எண்ணிக்கை தவறிப்போய், முதலிலிருந்து தொடங்கினாள். அவன் காத்திருந்தான்.

கோடு நூற்று அறுபத்து மூன்று. வட்டம் இருநூற்று நாற்பத்து ஒன்று.

"வட்டம் எழுந்து நடந்து போனவங்க" என்றாள்.

"அதான் அதிகம்" என்றான் அவன். பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு இழைப்புளியிடம் போய்விட்டான்.

ஆனால் வீட்டுக்குப் போன வேலையாள் சும்மா இருப்பானா? ஒன்றுக்கு ஒன்பதாகச் செய்தி பரவியது. சுவரில் பிணக்கணக்கு இருக்கிறதாம், ராத்திரி முனகல் கேட்கிறதாம். வார முடிவில் பெற்றோர்கள் திரண்டு வந்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சரும் கவுன்சிலரும் வந்தார்கள். பாதி பிரித்த கூடத்தில், மரத்தூள் நடுவே, கூட்டம் நடந்தது. உட்கார இடமில்லாமல் எல்லோரும் நின்றார்கள்.

"செத்தவங்க கிடந்த இடம். கைதிங்க நின்ன இடம். இங்கதான் நம்ம பிள்ளைங்க படிக்கணுமா?" என்றார் ஒரு தகப்பன்.

பெரிய டீச்சர் பளிச்சென்று பேசுகிறவர். "சாவு நடக்காத வீடு உங்க தெருவுல எது, காட்டுங்க, அங்க பள்ளிக்கூடம் வச்சுக்கறேன். இங்க படுத்தவங்கள்ல பாதிக்கு மேல பொழைச்சு வீட்டுக்குப் போயிருக்காங்க. அவங்க போகலைன்னா இன்னைக்கு நம்மள்ல பல பேர் இங்க நின்னு கத்திக்கிட்டு இருக்க மாட்டோம்."

லேசாகச் சிரிப்பு வந்தது. கூட்டம் இளகுவது போல இருந்தது. அப்போது சுவரோரம் நின்ற ஒருவர் கை தூக்கினார்.

"பழைய கதை இருக்கட்டும். இப்ப உள்ள கதையைச் சொல்லுங்க. இங்க பெஞ்ச் செய்யற தச்சன் கொலை கேஸ்ல உள்ள போனவனாமே?"

சிரிப்பு நின்றது. பக்கத்து அறையில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த இழைப்புளிச் சத்தமும் நின்றது.

கவுன்சிலர் ஓவர்சியரம்மா பக்கம் திரும்பினார். "நீங்கதானேம்மா பொறுப்பு? உங்களுக்குத் தெரியுமா?"

கான்ட்ராக்டர் அவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். தெரியாது, ஆள் பிடித்தது கான்ட்ராக்டர் என்று சொல்லிவிட்டால் அவளுக்கு ஒரு கெடுதலும் இல்லை. நாளைக்கே ஆளை மாற்றிவிடலாம். அந்த அறையில், அதே மாதிரி நிசப்தத்தில், எல்லாக் கண்ணும் தன்மேல் இருக்க, இதற்கு முன் ஒரே ஒரு முறை நின்றிருக்கிறாள்.

"தெரியும்" என்றாள். "அவர் என் கூடப் பொறந்த அண்ணன்."

யாரோ "அடக் கடவுளே" என்றார்கள்.

"பக்கத்து வீட்டு டெய்லரை அடிச்சார். ரெண்டு தடவை அடிச்சார். அவர் செத்துட்டார். இதே இடத்துல நான்தான் சாட்சி சொன்னேன். பதினோரு வருஷம் தண்டனையை முழுசா அனுபவிச்சுட்டு வந்தார். வந்து பதினஞ்சு வருஷம் ஆச்சு, அவர் மேல ஒரு புகார் கிடையாது. இங்க வந்து ஒரு மாசமா ஒழுங்கா வேலை செய்யறார். எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். அவர் மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. வேலைப் பேச்சு தவிர நானே அவர்கிட்ட பேசி இருபத்தாறு வருஷம் ஆகுது. தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன்."

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் வழி விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். முப்பத்து நாலு வயது இருக்கும். ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றது.

"அந்த டெய்லர் என் அப்பா" என்றாள்.

ஓவர்சியரம்மா நிமிர்ந்து பார்த்தாள். சாக்கடை ஓரம் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு காகிதக் கப்பல் விட்ட எட்டு வயதுப் பெண்ணை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அந்த முகத்தை இந்த முகத்தில் தேடினாள்.

டெய்லர் மகள் கவுன்சிலரைப் பார்த்துத்தான் பேசினாள். "அன்னைக்குத் தெருவே வேடிக்கை பார்த்துது. எல்லாரும் வழுக்கி விழுந்தார்னு சொன்னாங்க. எங்கப்பா குடிச்சிருந்தார்னு கூடச் சொன்னாங்க. அவர் குடிக்கிறவரே இல்லை. இந்த அம்மா ஒருத்திதான் நடந்ததைச் சொன்னாங்க. 'அந்தப் பொண்ணு இல்லைன்னா உங்கப்பா குடிகாரனாவே போய்ச் சேர்ந்திருப்பார்'னு எங்கம்மா சாகற வரைக்கும் சொல்லுவாங்க. அதனால இவங்க வார்த்தையை நான் நம்பறேன்."

நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"மன்னிப்பு கின்னிப்பெல்லாம் எனக்கு வராது. அந்த ஆள் முகத்தைப் பார்க்கவும் எனக்கு இஷ்டமில்லை. ஆனா என் பொண்ணு கொட்டகையில நனைஞ்சு மூணு தடவை காய்ச்சல்ல விழுந்துட்டா. பெஞ்ச் செஞ்சு முடிக்கட்டும். திறக்கறதுக்கு முன்னாடி போயிடணும். அதுக்கப்புறம் இந்த வாசல்ல கால் வைக்கக் கூடாது."

சொல்லிவிட்டுக் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். அவளே அப்படிச் சொன்ன பிறகு மற்றவர்கள் என்ன சொல்வது? கவுன்சிலர் அதையே தீர்மானமாக எழுதிக்கொண்டார். எண்கள் உள்ள சுவருக்கு வெள்ளையடிப்பது என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஓவர்சியரம்மா பக்கத்து அறைக்குப் போனாள். அவன் மரச்சுருள்களைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தான்.

"கேட்டுதா?"

"சுவர்தான் மூணடி. மேல ஓட்டை இருக்கே, எல்லாம் கேக்கும்." சாக்கின் வாயைக் கட்டினான். "அவங்க சொன்னது நியாயம். அவங்க சொல்லலைன்னாலும் நானே போயிருப்பேன்."

அதற்கு அப்புறம் அவன் காலையில் முதல் ஆளாக வந்து, கடைசி ஆளாகப் போனான். அறுபது பெஞ்சு, அறுபது டெஸ்க். ஒவ்வொன்றுக்கும் மேற்குக் கால் சற்று நீளம். எந்தப் பெஞ்சு எந்த வரிசை என்று அடியில் எண் போட்டு வைத்தான். திறப்புக்கு இரண்டு நாள் முன்பே முடித்துவிட்டு, கருவிப் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டான். சுவருக்கு இரண்டு கை சுண்ணாம்பு பட்டது. முதல் கைப் பூச்சில் எண்கள் மங்கலாகத் தெரிந்தன. இரண்டாவது கையில் இல்லை.

பள்ளிக்கூடம் திறந்த அன்று ஏழெட்டுப் பேர் பிள்ளைகளை அனுப்பவில்லை, வேறு பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். மற்றவர்கள் வந்தார்கள். வாசலில் புதுப் பலகை மாட்டியிருந்தது. ஆனாலும் "எங்கடி படிக்கறே?" என்று யாரோ கேட்டதற்கு ஒரு குழந்தை "கிடங்குல" என்றது. கூடத்தில் இரைச்சல் காதைப் பிளந்தது. டெய்லர் மகளின் குழந்தை இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தது. ஓவர்சியரம்மா கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்று பார்த்தாள். மத்தியானம் லீவு போட்டுவிட்டு, ஊரின் மறு கோடிக்குப் பஸ் ஏறினாள்.

பட்டறை ஒரு தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. அவன் ஜன்னல் சட்டம் ஒன்றுக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்து எழுந்து, முக்காலி ஒன்றைத் துடைத்துப் போட்டான். உட்கார்ந்தாள். பள்ளிக்கூடம் திறந்ததைச் சொன்னாள். தலையை ஆட்டிக்கொண்டான்.

சட்டத்தின் துளையை ஊதிவிட்டு, "அம்மா கடைசியில உன்கிட்ட பேசினாங்களா?" என்றான். பேச்சில் "மேடம்" போய்விட்டிருந்தது.

"இல்லைண்ணா. ஒரு வார்த்தை பேசலை."

உளியைக் கீழே வைத்தான்.

"உள்ள இருக்கும்போது மாசம் ஒரு லெட்டர் வரும். யாரையாவது விட்டு எழுதச் சொல்லி அனுப்புவாங்க. ஒவ்வொண்ணுலயும் உன்னைத் திட்டி நாலு வரி இருக்கும். மூணு வருஷம் படிச்சேன். அப்புறம் ஒருநாள் பதில் எழுதினேன். 'பாப்பா சொன்னது நிஜம்தாம்மா. நான் ரெண்டு தடவை அடிச்சது வாஸ்தவம். அவளைத் திட்டாதீங்க'ன்னு." வேட்டியில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டினான். "அதுக்கப்புறம் எனக்கும் லெட்டர் வரலை."

சுவர் பக்கம் திரும்பிக்கொண்ட அம்மாவின் முகம் அவள் கண்முன் வந்தது. அது தன் ஒருத்தியிடமிருந்து மட்டுமே திரும்பிய முகம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாள்.

"என்கிட்ட ஏன் சொல்லலை? வெளிய வந்த அன்னைக்கே வந்து சொல்லியிருக்கலாமே."

"எந்த முகத்தை வச்சுக்கிட்டு வர்றது? நீ பொய் சொல்லுவேன்னு நம்பிக்கிட்டுத்தான் கூண்டுல நின்னேன் பாப்பா. நீ அந்தப் பொய்யைச் சொல்லாம போனதுக்கு மூணு வருஷம் உன்னை வெறுத்தேன். அதையும் சேர்த்துத்தானே சொல்லணும்."

அவள் அழுதாள். அவன் தேற்றவில்லை, தேற்றத் தெரிந்தவனும் இல்லை. பக்கத்தில் வந்து மரப்பலகையின் மேல் உட்கார்ந்துகொண்டான். தெருவில் ஒரு வண்டி போயிற்று. கொஞ்ச நேரத்தில் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அம்மா எந்த மாதம் படுத்தாள், கடைசி நாளில் என்ன மழை, யார் யார் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். அவனுக்கு அதில் எதுவுமே தெரியாது. குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.